டேப்பில் 9 சென்டிமீட்டர், எம்-புக்கில் 15

கேள்வி:

அன்புள்ள ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நான் மத்திய அரசுத் துறை ஒன்றில் இளநிலைப் பொறியாளராக ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஊர் திருநெல்வேலி மாவட்டம். எங்கள் ஊழியர் குடியிருப்பில் 80 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் கான்கிரீட் பாதை போட்டிருக்கிறார்கள். 15 சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும். ஓரத்தில் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன், டேப் 9 காட்டியது. இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தேன், அதே கதைதான். மேலதிகாரி, அளவுகளைப் பதிவு செய்கிற எம்-புக்கில் 15 என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். "மேல எல்லாம் பேசியாச்சும்மா, நான் பாத்துக்கிடுதேன், நீ கையெழுத்த மட்டும் போடு" என்கிறார்.

போன வருடம் வேறொரு வேலையில் அவர் சொன்னார் என்று, முடியாத பூச்சு வேலையை முடிந்ததாக எழுதிவிட்டேன். அந்த வேலைக்கு இறுதி பில் இன்னும் ஆகவில்லை. அதற்கப்புறம் திருவிருந்து எடுக்கும்போதெல்லாம் கை கூசுகிறது.

என் மாமனார் சபையில் மூப்பர். அவரிடம் சொன்னேன். "மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னு ரோமர் 13 சொல்லுது. அவர் சொன்னதை நீ செய், கணக்கை அவர் கொடுத்துக்கிடட்டும்" என்றார். என் கணவருக்குச் சின்னக் கடை. வீட்டுக் கடன் என் சம்பளத்தில்தான் போகிறது. நான்கு வயதில் மகள் இருக்கிறாள். கையெழுத்துப் போட்டால் தேவனுக்கு விரோதம், போடாவிட்டால் அதிகாரத்துக்கு விரோதம் என்று நடுவில் நிற்கிறேன். மாதக் கடைசியில் பில் போக வேண்டும். நான் என்ன செய்ய?

— ஒரு சகோதரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நான் அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர், சபைக்குப் போகிறவனும்கூட. அதனால் உங்கள் கேள்வியின் இரண்டு பாதியும் எனக்குப் பழக்கமானவைதான். ஆனாலும் வாசித்து முடித்ததும் என் மனதில் முதலில் நின்றது சட்டமும் இல்லை, வசனமும் இல்லை. நீங்கள் மூன்று இடத்தில் நெம்பிப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு இடத்தோடு நிறுத்தியிருந்தால், அந்த மூலையில் மட்டும் குறைந்திருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. உங்கள் மனச்சாட்சி நன்றாகவே வேலை செய்கிறது. அதைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

முதலில் உங்கள் மாமனார் சொன்ன வசனத்துக்கு வருகிறேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மருமகளின் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்ற பயத்தில் பெரியவர்கள் இப்படிச் சொல்வது வழக்கம்தான். ஆனால் அவர் அந்த அதிகாரத்தின் நான்காம் வசனம்வரை வாசித்திருக்க வேண்டும். "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு, அவன் தேவஊழியக்காரனாயிருக்கிறான்" என்று பவுல் அங்கே எழுதுகிறார். அதிகாரம் எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பவுல் சொல்கிறார். நன்மை செய்கிறவனைக் காக்கவும் தீமை செய்கிறவனைத் தடுக்கவும் அது வைக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் உங்கள் விஷயத்தில் அந்த மேலான அதிகாரம் யார்? உங்கள் மேலதிகாரி என்று மாமனார் நினைக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. நம் நாட்டில் அரசியல் சாசனமும், பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களும், அவற்றின் கீழ் வந்த விதிகளும்தான் அந்த இடத்தில் இருக்கின்றன. உங்கள் மேலதிகாரியும் அவற்றுக்குக் கீழ்ப்பட்டவர்தான். அவருடைய நாற்காலியே அந்த விதிகள் கொடுத்தது. அந்த விதிகளை மீறச் சொல்லும் நேரத்தில் அவர் அதிகாரத்தின் குரலில் பேசவில்லை, தன் சொந்தக் குரலில் பேசுகிறார். அதனால் கையெழுத்துப் போடாவிட்டால் நீங்கள் அதிகாரத்துக்கு விரோதமாக நிற்கவில்லை. அதிகாரம் உங்களிடம் ஒப்படைத்த வேலையைச் செய்கிறீர்கள்.

தானியேலை நமக்குச் சிங்கக் கெபியோடு சேர்த்தே பழக்கம். ஞாயிறு பள்ளியில் படம் வரைந்தவர்கள்தானே நாமெல்லாம். ஆனால் அதே ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தை நிதானமாக வாசியுங்கள். ராஜா 120 தேசாதிபதிகளை வைக்கிறான். அவர்களுக்கு மேல் மூன்று பிரதானிகள், அதில் ஒருவர் தானியேல். எதற்காக? ராஜாவுக்கு நஷ்டம் வராதபடிக்கு அந்தத் தேசாதிபதிகள் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பதற்காக. அதாவது அவர் பார்த்தது கணக்குச் சரிபார்க்கிற வேலை. அவர்மேல் குற்றம் கண்டுபிடிக்க அலைந்தவர்கள் யார் என்றால், அவரிடம் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களும் அவரோடு சேர்ந்து கணக்குக் கேட்க வேண்டியவர்களும்தான். அவர் பார்த்த வேலையில் ஒரு குறையும் அகப்படாததால்தான் அவருடைய ஜெபத்தைப் பிடித்தார்கள். சிங்கக் கெபி பிற்பாடு வந்தது. அதற்கு முன்னால் அவர் கணக்கை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். நீங்கள் டேப்பை வைத்து அளக்கிற வேலையும் அந்த வகைதான். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் சொல்வதை வெறும் பலசரக்குக் கடைக்காரருக்கு என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு பொறியாளருக்கு எம்-புக்தான் தராசு.

சரி, சட்டத்துக்கு வருகிறேன்.

80 மீட்டர், 3 மீட்டர், 15 சென்டிமீட்டர் என்றால் 36 கன மீட்டர் கான்கிரீட். நீங்கள் பார்த்தபடி எல்லா இடத்திலும் 9 சென்டிமீட்டர்தான் என்றால் தரையில் இருப்பது 21.6 கன மீட்டர். போடாத 14.4 கன மீட்டருக்கு அரசு பணம் கொடுக்கப் போகிறது, அதுவும் உங்கள் கையெழுத்தை நம்பி. மேலே இருப்பவர் ஒரு பகுதியைத்தான் சரிபார்ப்பார். முதலில் அளந்ததாகப் பதிவு செய்கிற பெயர் உங்களுடையது. "நான் பாத்துக்கிடுதேன்" என்று அவர் சொன்னது எந்தத் தாளிலும் இல்லை.

ஒரு துறை விசாரணை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் கட்சிக்காரர் உங்கள் பதவியில் இருந்தவர், ஏறக்குறைய உங்கள் வயது. எம்-புக்கை மேசையில் விரித்து வைத்துவிட்டு விசாரணை அதிகாரி கேட்டார்: "இது உங்க கையெழுத்தா?" அவர் "ஆமா சார்" என்றார். "அளந்து பார்த்தீங்களா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சார் சொன்னாங்க" என்றார். அந்தச் சார் இரண்டு நாற்காலி தள்ளித்தான் சாட்சியாக உட்கார்ந்திருந்தார். தன்னைக் கேட்டபோது அவர் சொன்னார்: "கீழ இருக்கிறவர் அளந்து எழுதினதை நம்பி நான் பில்லை அனுப்பினேன்." குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. என் கட்சிக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கணக்கை அவர் கொடுத்துக்கொள்வார் என்று உங்கள் மாமனார் சொன்னதை வாசித்தபோது எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வந்தது. தேவனுக்கு முன்னாலும் சரி, விசாரணை அதிகாரிக்கு முன்னாலும் சரி, கையெழுத்துப் போட்டவரைத்தான் முதலில் கேட்பார்கள்.

மோசடி நோக்கத்தோடு கணக்கில் பொய்ப் பதிவு செய்கிற ஊழியருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 344-ஆம் பிரிவில் 7 ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 477ஏ. அப்பட்டமாகச் சட்டவிரோதமான ஒன்றைச் செய்துவிட்டு, மேலதிகாரி சொன்னதால் செய்தேன் என்றால் அது உங்களைக் காப்பாற்றாது. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கையெழுத்துப் போட்டால் வேலை பத்திரமாக இருக்கும், போடாவிட்டால்தான் ஆபத்து என்று உங்கள் வீட்டில் ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கு தப்பு என்று உங்கள் கணவருக்கும் தெரிய வேண்டும்.

இனி உங்களுக்குச் சாதகமாக இருப்பது. மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964, மூன்றாம் விதி. மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழி உத்தரவைக் கூடியமட்டும் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால் உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. வாய்மொழி உத்தரவு வாங்கியவர் அதை எழுத்தில் உறுதிப்படுத்தும்படி கேட்க வேண்டும், கேட்டால் உறுதிப்படுத்துவது மேலதிகாரியின் கடமை. பாருங்கள், எழுதிக் கேட்பது உங்கள் கடமையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் ஒழுங்கீனமாக நடப்பதாக யாரும் சொல்ல முடியாது.

ஆனால் எடுத்த எடுப்பில் கடிதம் கொடுக்காதீர்கள். முதலில் நேரில் ஒருமுறை பேசுங்கள். இங்கேயும் தானியேல்தான், முதலாம் அதிகாரம். ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று அவர் தீர்மானித்துக்கொண்டார், ஆனால் தட்டைத் தள்ளிவிடவில்லை. அதிகாரியிடம் போய்க் கேட்டார். ராஜாவுக்குத் தெரிந்தால் தன் தலை போய்விடும் என்று அந்த அதிகாரி பயந்தான். தானியேல் அந்தப் பயத்தை ஏளனம் செய்யவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள் என்று விசாரிப்புக்காரனிடம் ஒரு வழி சொன்னார். உங்கள் மேலதிகாரிக்கும் மேலே இருந்து ஒரு நெருக்கடி இருக்கலாம். அவருக்கும் இறங்கி வர ஒரு படி வைத்துக் கொடுங்கள். "சார், எனக்கு மூணு இடத்துல கம்மியா காட்டுது. நான் அளந்ததுலயே தப்பு இருக்கலாம். கான்ட்ராக்டரையும் வச்சு எல்லாருமா ஒருதடவை அளந்துருவோம், தேவைன்னா கான்கிரீட்டைத் துளைச்சு கோர் எடுத்துப் பாத்துருவோம். நாளைக்கு ஆடிட்ல வந்தா ரெண்டு பேருக்கும்தான் சார் கஷ்டம்" என்று சொல்லுங்கள். கோர் எடுப்பதுதான் உங்கள் பத்து நாள் சோதனை. இப்படிப் பேசிய பிறகு, அளந்ததை அளந்தபடியே எழுது என்று சலிப்போடு விட்டுவிட்ட மேலதிகாரிகளை எனக்குத் தெரியும். எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன்.

அவர் மசியவில்லை என்றால் கடிதம். அதில் கோபம் வேண்டாம், குற்றச்சாட்டு வேண்டாம், வசனமும் வேண்டாம். இவ்வளவு போதும்:

"மேற்கண்ட பணியில் இன்ன தேதியில் தளத்தில் மூன்று இடங்களில் அளந்தபோது கான்கிரீட்டின் கனம் சுமார் 9 செ.மீ. இருந்தது. ஒப்பந்தப்படி 15 செ.மீ. இருக்க வேண்டும். 15 செ.மீ. எனப் பதிவு செய்யுமாறு தாங்கள் இன்ன தேதியில் வாய்மொழியாகக் கூறினீர்கள். கூட்டு அளவீடு செய்யவும், இது குறித்த தங்கள் உத்தரவை எழுத்தில் வழங்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கடிதம் கொடுப்பதற்கு முன்பே, அளந்த இடங்களை டேப்போடு சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள். எண் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு படத்திலாவது பக்கத்தில் இருக்கிற குடியிருப்பு எண் விழட்டும்.

பொய்யாக எழுது என்று எழுத்தில் உத்தரவு கொடுக்க ஒரு அதிகாரியும் முன்வருவதில்லை, எனக்குத் தெரிந்தவரை. ஒருவேளை கொடுத்தேவிட்டால்? அப்போதும் நீங்கள் எழுதக் கூடாது. எழுத்தில் வந்தது என்பதற்காகப் பொய் உண்மையாகாது. அந்த உத்தரவோடு அவருக்கு மேலே இருப்பவருக்கு எழுதுங்கள்.

இதற்கு விலை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குத் துரோகம் செய்கிறேன். இடமாற்றம் வரலாம். வேறு ஏதாவது சின்ன விஷயத்துக்கு மெமோ வரலாம். ஆண்டு மதிப்பீட்டில் மார்க் குறையலாம். ஒப்பந்தக்காரர் உங்களோடு பேச்சை நிறுத்திவிடுவார், சக ஊழியர்கள் உங்களைக் கண்டால் தேநீர்க் கடையில் பேச்சை மாற்றுவார்கள். தண்டனையாக வந்த உத்தரவை எதிர்த்துத் துறைக்குள் மேல்முறையீடு உண்டு, அதற்கப்புறம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. வழி இருக்கிறது, ஆனால் வேகமான வழி இல்லை. வீட்டுக் கடன் தவணைக்கு ஆறு மாதம் தாக்குப்பிடிக்க என்ன இருக்கிறது என்று நீங்களும் உங்கள் கணவரும் இப்போதே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். அது அவிசுவாசம் இல்லை. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று ஆண்டவரே கேட்டிருக்கிறார்.

உண்மையாக இருந்தால் தேவன் உங்களை நிச்சயம் தப்புவிப்பார், பதவி உயர்வே வரும் என்று சாட்சி சொல்லும் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். நான் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலையை வணங்க மறுத்து, எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்றார்கள், உடனே "விடுவிக்காமற்போனாலும்" என்று சேர்த்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே தானியேல் மூன்றாம் அதிகாரத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது ஆஸ்திரியாவின் ஒரு விவசாயியும் நினைவுக்கு வந்தார். ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். ராடெகுண்ட் என்ற சிற்றூரில் நிலத்தை உழுதுகொண்டு, அங்கிருந்த ஆலயத்தைப் பராமரிக்கிற கோயில்குட்டி வேலையும் பார்த்தவர். மனைவி, மூன்று பெண் குழந்தைகள். இட்லரின் படையில் சேர்ந்து ஆயுதம் எடுப்பது பாவம் என்று அவருக்குப் பட்டது. குருமாரிடம் கேட்டார், பேராயரையே போய்ப் பார்த்தார். பேராயர் அவருக்குக் குடும்பப் பொறுப்பை நினைவுபடுத்தினார். அரசு நடத்துகிற போர் நியாயமா என்று தீர்ப்பது உன் வேலை இல்லை என்கிற ரீதியில்தான் பதில் வந்தது. உங்கள் மாமனார் சொன்ன அதே பதில்தான் இது. ஃபிரான்ஸ் மருத்துவப் பிரிவில் சேவை செய்கிறேன் என்றார், படை அதை ஏற்கவில்லை. 1943 ஆகஸ்ட் 9 அன்று அவர் தலையை வெட்டினார்கள். வயது 36. போருக்குப் பிறகும் ஊரில் பலர் அவர் மனைவி ஃபிரான்சிஸ்காவைத்தான் குறை சொன்னார்கள், விதவைக்கான ஓய்வூதியம்கூடப் பல ஆண்டு கிடைக்கவில்லை. 2007-இல் கத்தோலிக்கத் திருச்சபை ஃபிரான்ஸுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது ஃபிரான்சிஸ்கா உயிரோடு இருந்து அதைப் பார்த்தார், 94 வயதில்.

அவரையும் உங்களையும் ஒரே தட்டில் வைக்க இதைச் சொல்லவில்லை. வித்தியாசத்தைக் காட்டத்தான் சொல்கிறேன். அவருக்கு எதிராகச் சட்டமே நின்றது. அந்த நாட்டில் அவர் போய் நிற்க ஒரு நீதிமன்றமும் இல்லை. உங்கள் விஷயத்தில் மனச்சாட்சி என்ன சொல்கிறதோ அதையேதான் சட்டமும் சொல்கிறது. இரண்டும் ஒரே பக்கம் நிற்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். மத சுதந்திரம், சாசனத்தின் 25-ஆவது பிரிவு என்று நீங்கள் வாதாட வேண்டிய தேவையே இல்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மனச்சாட்சி என்ற பேரில் எனக்கு வருகிற கடிதங்கள் பலவிதம். சிலவற்றில் நீதிமன்றம் துணை நிற்கும். கேரளாவில் 1985-இல் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைத் தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளியைவிட்டு நீக்கினார்கள். கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்ற பிள்ளைகள் அவர்கள், பாட மட்டும் மறுத்தார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்து, அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அதே உச்ச நீதிமன்றம், படைப்பிரிவின் வழிபாட்டுத் தலத்தில் கருவறைக்குள் நுழைய மறுத்ததால் பணிநீக்கம் செய்யப்பட்ட கிறிஸ்தவ ராணுவ அதிகாரியின் வழக்கில் 2025 நவம்பரில் தலையிட மறுத்துவிட்டது. அலுவலக ஆயுத பூஜையில் நிற்கலாமா என்று கேட்டும் கடிதங்கள் வருகின்றன. நாகமான் தன் எஜமானோடு ரிம்மோன் கோவிலில் குனிய வேண்டியிருப்பதைப் பற்றித் தயங்கிச் சொன்னபோது, எலிசா அவனைத் திட்டாமல் "சமாதானத்தோடே போ" என்று அனுப்பினார். அந்த மாதிரிக் கேள்விகளில் விசுவாசிக்கு விசுவாசி முடிவு வேறுபடும். நான் யார் மேலும் பாரம் வைக்க மாட்டேன். உங்கள் கேள்வி அந்த வகை இல்லை. 9 இருக்கிற இடத்தில் 15 என்று எழுதலாமா என்பதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

இப்போது போன வருடத்துப் பூச்சு வேலை. உங்கள் கடிதத்தில் அதை நாலு வரியில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களை அதிகமாக வாட்டுவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். இந்த ஒரு வருடத்தில் ஒப்பந்தக்காரர் அந்தப் பூச்சை முடித்திருக்கிறாரா, இல்லையா? முடித்திருந்தால் அரசுக்குப் பண நஷ்டம் இல்லை, உங்கள் பதிவு பொய் என்பது மட்டும் நிற்கிறது. முடிக்கவில்லை என்றால், இறுதி பில் இன்னும் ஆகவில்லை என்பது உங்களுக்குப் பெரிய வாய்ப்பு. இடையில் கொடுக்கிற ஆர்.ஏ. பில் முடிவான கணக்கு அல்ல. அடுத்த அளவீட்டில் உண்மையான அளவைப் பதிவு செய்து, கூடுதலாகப் போனதைக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. அதைச் செய்யுங்கள். செய்யும்போது, முன்பு கூடுதலாகப் பதிவானது இப்போது சரிசெய்யப்படுகிறது என்று வெளிப்படையாகவே குறிப்பு எழுதுங்கள்.

எம்-புக்கில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தப்பாக எழுதியதைச் சுரண்டக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. பக்க எண் அச்சிட்டே வருகிறது. தப்பின் மேல் ஒரு கோடு இழுத்து, அது கீழே தெரியும்படி விட்டு, சரியானதை எழுதி, சுருக்கொப்பமிட்டுத் தேதி போட வேண்டும். மனந்திரும்புதலுக்கு இதைவிடச் சரியான ஒரு படத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. பழைய எண் அங்கேயே இருக்கும். அதைத் திருத்தியவர் யார், என்றைக்குத் திருத்தினார் என்பதும் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. குற்ற உணர்வின் வேகத்தில் தனியாக உட்கார்ந்து நான்கு பக்கத்துக்கு ஒப்புதல் கடிதம் எழுதி மேலே அனுப்பிவிடாதீர்கள். திருத்தக் குறிப்பு எழுதுவதற்கு முன் அந்தக் காகிதங்களின் நகலோடு பணி வழக்குகள் பார்க்கிற ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதிகாரபூர்வமாக யாராவது கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எதை, எந்த வரிசையில், யாருக்கு எழுதுவது என்பதில் சட்டம் தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். பவுலும் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லிக் கேட்டார், தேவைப்பட்டபோது இராயனுக்கு அபயமிட்டார், அதாவது பேரரசனிடமே முறையிட்டார். அதை யாரும் அவிசுவாசம் என்று சொல்லவில்லை.

திருவிருந்து எடுக்கும்போது கை கூசுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் போதகரிடம் தனியாகப் பேசுங்கள். மாமனாரின் மூலமாகப் போக வேண்டாம், நேரே போங்கள். மன்னிப்பு தேவனிடத்தில் ஏற்கனவே இருக்கிறது, அதற்கு இறுதி பில் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதை மேலே புகார் செய்ய வேண்டாமா என்றும் நீங்கள் யோசிக்கலாம். இப்போதைக்கு உங்கள் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதுதான் உங்கள் முதல் பொறுப்பு. உங்கள் கடிதத்துக்குப் பிறகும் வேறொருவரை வைத்துப் பொய் அளவு எழுதி பில் போனால், அப்போது பேசாமல் இருப்பது சரியில்லை. தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமருக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை மறைக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அது மறைக்கப்படாமல் பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பரில் அவர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையடிக்க வந்தவர்கள் செய்தது என்றுதான் பிறகு வழக்கு முடிந்தது. ஆனாலும் அவர் சாவு எழுப்பிய கேள்வியால் 2004-இல் ஒரு மத்திய அரசுத் தீர்மானம் வந்தது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் புகார் அனுப்பலாம். அது பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்று உறையின் மேல் எழுத வேண்டும். பெயரில்லாத புகாரை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. பெயரைப் புகாரின் நடுவே எங்கும் எழுதாமல் தொடக்கத்திலோ முடிவிலோ தனித்தாளிலோ தர வேண்டும், அதை அவர்கள் வெளியிட மாட்டார்கள். 2014-இல் இதற்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் நான் இதை எழுதும்வரை அது நடைமுறைக்கு வரவில்லை. அதனால் இந்தப் படியை வழக்கறிஞரோடு பேசி நிதானமாக எடுங்கள்.

வேலையை விட்டுவிடு, அரசாங்க வேலையே பாவம் என்று சபையில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆகாபின் அரமனையில்தான் ஒபதியா விசாரிப்புக்காரனாக இருந்தான். நூறு தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்ற அவனால் முடிந்தது. மூன்று இடத்தில் நெம்பிப் பார்க்கிற ஒருவர் அந்த அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

மாமனாரிடம் வாக்குவாதம் செய்ய வேண்டாம். இந்தப் பதிலைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், தானியேல் ஆறாம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனத்தையும் அவரையே குடும்ப ஜெபத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நேரில் பேசுவதை இந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள், பில்லுக்கு முந்தின நாள்வரை இழுக்க வேண்டாம். கடிதம் கொடுக்க நேர்ந்தால் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட்ட பிரதியை அலுவலக இழுப்பறையில் வைக்காமல், வீட்டில் மகளுடைய பிறப்புச் சான்றிதழ் இருக்கிற கோப்பில் வையுங்கள்.